தீ டிரிங்க்ல வேண்டாம், மூடியில இருக்கட்டும்

ரொம்ப நாளா ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. கிளாஸ் மேல நீலமா தீ எரியுதே, அந்த மாதிரி காக்டெயில் வீட்டுல பண்ணலாமா, அதுக்கு எந்த ரம் வாங்கணும்? ரீல்ஸோட புண்ணியம். இன்னைக்கு அதைப் பேசிடுவோம். ஆனா ரம்மோட பேர்ல இருந்து ஆரம்பிக்கப் போறதில்ல, லேபிள்ல இருக்கிற ஒரு நம்பர்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

நம்ம ஊர் பாட்டில் எதை எடுத்தாலும் பெரும்பாலும் 42.8% v/v-ன்னு போட்டிருக்கும். அது எங்கிருந்து வந்த விநோதமான நம்பர்? பழைய பிரிட்டிஷ் கணக்குல 100 ப்ரூஃப்னா 57.1 சதவீத ஆல்கஹால். அதுல முக்கால் பங்குதான் 42.8. இந்த அளவு சரக்கு பத்துமா பத்தாதாங்கிறதை வெப்பநிலைதான் தீர்மானிக்குது. எரியுறது திரவம் இல்ல, அதுல இருந்து கிளம்புற ஆவி. 40 சதவீதத்துல, தீக்குச்சி காட்டினா பிடிக்கிற அளவுக்கு ஆவி வரணும்னா சுமார் 26 டிகிரி வேணும். மே மாசம் சென்னையில ஏசி இல்லாத ரூம்ல தாராளமா பத்திக்கும். அதையே ஐஸ் போட்ட கிளாஸ்ல மிதக்க விட்டா குளிர்ந்துடும், ஐஸ் தண்ணியும் கலந்துடும், தீக்குச்சிதான் காலியாகும்.

இந்த இடத்துலதான் நிறைய பேர் தப்பான பக்கம் திரும்புறாங்க. ஒண்ணு, சரக்கை அடுப்புல சூடு பண்றாங்க. இல்லன்னா எரியுற கிளாஸ்ல பாட்டில்ல இருந்து நேரா இன்னும் கொஞ்சம் ஊத்துறாங்க. ரெண்டாவது ரொம்ப மோசம். பாட்டிலுக்குள்ள இருக்கிற ஆவியில தீ ஏறிடுச்சுன்னா, பாட்டில் வாய் எதிர்ல நிக்கிறவரைப் பார்த்துத் தீயைக் கக்கும். பகார்டி 151-ன்னு 75.5 சதவீத ரம் ஒண்ணு இருந்துச்சு. அதோட பாட்டில் கழுத்துல தீ உள்ள போகாம இருக்க உலோகத் தடுப்பு ஒண்ணு வெச்சே வித்தாங்க. 2016-ல அந்த ரம்மையே நிறுத்திட்டாங்க.

ஆல்கஹால் தீயில இன்னொரு சிக்கல் இருக்கு. வெளிச்சமான ரூம்ல அது கண்ணுக்கே சரியா தெரியாது. அணைஞ்சிடுச்சுன்னு நினைச்சு வாய் வைக்கிறவங்க உண்டு. தீ நிஜமாவே அணைஞ்சிருந்தாலும் கிளாஸ் விளிம்பு சூடாத்தான் இருக்கும்.

அப்போ என்ன பண்றது? என் கருத்து இதுதான்: டிரிங்க்கை எரிக்காதீங்க, கார்னிஷை எரிங்க. 1930-கள்ல கலிஃபோர்னியாவுல ஆரம்பிச்ச டிக்கி பார் மரபுல இதுக்கு ஒரு அழகான வழி இருக்கு. சாறு பிழிஞ்ச எலுமிச்சை மூடியை டிரிங்க் மேல கிண்ணம் மாதிரி மிதக்க விட்டு, அதுக்குள்ள மொறுமொறுப்பா வறுத்த ஒரு சின்ன ரொட்டித் துண்டு. அந்தத் துண்டுல கொஞ்சம் எரிபொருள். கோயில்ல துர்க்கைக்கு ஏத்துற எலுமிச்சை விளக்கு ஞாபகம் வருதா? அமைப்பு கிட்டத்தட்ட அதேதான். ரொட்டிதான் திரி. (அம்மாகிட்ட இந்த ஒப்பீட்டைச் சொல்லிடாதீங்க.) அரை டீஸ்பூன் எரிபொருள் போதும், தீ ஒரே இடத்துல நிக்கும், கீழ டிரிங்க் ஜில்லுன்னு அப்படியே இருக்கும். குடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்டீல் கிண்ணத்தைக் கவிழ்த்து அணைச்சு, மூடியை இடுக்கியால எடுத்துடலாம். வாயால ஊதாதீங்க, தெறிக்கும்.

எரிபொருளா 75 சதவீத ரம் கிடைச்சா அது போதும். ஆனா டிக்கி பார்டெண்டர்கள் நிறைய பேர் விரும்புறது லெமன் எக்ஸ்ட்ராக்ட். அமெரிக்கக் கடைகள்ல கிடைக்கிறதுல 80 சதவீதத்துக்கு மேல ஆல்கஹால் இருக்கும். கூடவே எலுமிச்சை எண்ணெய் இருக்கிறதால தீ மஞ்சளா, நல்லா தெரியுற மாதிரி எரியும். எனக்கு அதோட அழகை விட, கண்ணுக்குத் தெரியுதுங்கிறதுதான் பெரிய விஷயம். இங்க கேக் சாமான் கடையில வாங்குற எசன்ஸ் எல்லாம் அது ஆகாது. பலதுல ப்ரொப்பிலீன் கிளைக்கால்தான் அடிப்படை, லேபிளைப் படிங்க. சானிடைசர், சர்ஜிக்கல் ஸ்பிரிட், லைட்டர் ஃபூயல் மூணும் கிளாஸ் பக்கமே வரக்கூடாது. கற்பூரம் வைக்கலாமான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். வேண்டாங்க, உள்ள போனா அது விஷம்.

மத்த கார்னிஷ் விஷயத்துக்கு வருவோம். எரியுற மூடி மேல பட்டைப் பொடியை ஒரு சிட்டிகை தூவினா பொறி பறக்கும். நைசான பொடி காத்துல பரவும்போது சட்டுனு எரியும், மாவு மில்லுல தூசி வெடிக்கிறதும் இதே காரணத்தாலதான். அதனால ஒரு சிட்டிகையோட நிறுத்திக்கோங்க, முகத்தைத் தள்ளி வெச்சுக்கோங்க. அன்னாசிப்பூ, ரோஸ்மேரி ரெண்டும் தீயை விடப் புகைக்குத்தான் நல்லது. காய்ஞ்ச ஆரஞ்சு வில்லை கருகினா கசப்பு வாசனைதான் மிஞ்சும். காகிதக் குடை, பிளாஸ்டிக் ஸ்ட்ரா எல்லாம் தீ அணைஞ்ச அப்புறம்தான்.

இவ்வளவு ஏற்பாடு முடியாதுன்னா, ஆரஞ்சுத் தோல் போதும். வெஸ்ட் ஹாலிவுட்ல சேசன்ஸ்னு ஒரு உணவகம் இருந்துச்சு. அங்க பார்டெண்டரா இருந்த பெப்பே ரூயிஸ், பாடகர் டீன் மார்ட்டினுக்காகப் பண்ணின வித்தைன்னு சொல்வாங்க. அஞ்சு ரூபாய்க் காசை விடக் கொஞ்சம் பெருசா தோலை வெட்டிக்கோங்க. தீக்குச்சியைப் பத்த வெச்சு, தலையில இருக்கிற மருந்து முழுசா எரியட்டும், இல்லன்னா கந்தக வாசனை டிரிங்க்ல இறங்கும். தோலோட வெளிப்பக்கம் தீயையும் கிளாஸையும் பார்த்திருக்கணும். ஒரே அமுக்கு. தோல்ல இருக்கிற எண்ணெய் தீ வழியா பாயும், ஒரு நொடி பளிச்சுன்னு எரிஞ்சு கிளாஸ் மேல படியும். சரக்கு ஒரு சொட்டு கூட எரியல. வாசனை மட்டும் மாறியிருக்கும்.

முதல்ல வெறும் கிளாஸ் மேல பத்து தடவை பண்ணிப் பாருங்க, நாலு தோல் வீணானா பரவாயில்ல. பக்கத்துல ஈரத்துணி ஒண்ணு இருக்கட்டும், தலைமுடியைக் கட்டிக்கோங்க, ஃபேனை நிறுத்துங்க. அடுத்த வாரம் ஐஸ் பத்திப் பேசுவோம்.