காதணி விழாவும் குழந்தையின் காப்பும்

(திருக்குட நன்னீராட்டு விழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு, ஐந்து சபைகளுள் ஒன்றாகிய இரத்தின சபை விளங்கும் திருத்தலம். அங்கே அம்பலவாணர் காளியோடு போட்டியிட்டு ஆடிய ஊர்த்துவ தாண்டவத்தைப் பற்றித் தல வரலாறு இனியதொரு செய்தி கூறும். ஆடலின் வேகத்தில் ஐயனின் காதணி கழன்று நிலத்தில் விழுந்தது. ஆடல் நிற்கவில்லை. திருவடி விரலாலேயே அதனை எடுத்து, காலை உயரத் தூக்கித் தம் செவியில் மீண்டும் அணிந்துகொண்டார் என்பது அவ்வரலாறு. திருஞானசம்பந்தப் பிள்ளையார் சீகாழியில் அருளிய முதற் பதிகமும் இறைவன் திருச்செவித் தோட்டைச் சொல்லியே தொடங்குகின்றது. ஆண்டவனே விரும்பிப் பூண்ட அணி ஆதலின், தம் மக்கட்குக் காதில் பொன் பூட்டி மகிழ்தலைத் தமிழ்நாட்டுப் பெற்றோர் மங்கலச் சடங்காகவே கொண்டனர். வடமொழியாளர் இதனைக் கர்ணவேதம் எனப் பெயரிட்டுப் பதினாறு சம்ஸ்காரங்களுள் ஒன்றாக வைத்தனர்.

இம்மாவட்டத்தில் இச்சடங்கு நிகழாத நன்னாள் இல்லை. திருத்தணி மலையின் மேலும் சிறுவாபுரி முருகன் சந்நிதியிலும், ஆரணியாற்றங்கரையில் பெரியபாளையத்துப் பவானியம்மன் திருமுன்னும் முடியிறக்கிக் காது குத்தும் குடும்பங்கள் திரள்கின்றன. தாய்மாமன் மடியில் குழந்தை அமரும், சீர்வரிசைத் தட்டுகள் முன்னே பரப்பப்பெறும், பொற்கொல்லர் கம்பியை எடுப்பார், குழந்தை வீறிட்டழும், கூடியிருப்போர் வெல்லமும் பச்சரிசியும் கொடுத்து அழுகையைச் சிரிப்பாக்குவர். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் உழைக்கும் வடமாநிலத்துக் குடும்பங்களுக்கும் குழந்தைக்குக் காது குத்துதல் தம் ஊரில் கண்ட வழக்கமே. மொழி வேறாயினும் தாயின் மகிழ்ச்சி ஒன்றே. அவள் நெஞ்சில் எழும் அச்சமும் ஒன்றே.

அவ்வச்சத்தை அருளாளர் ஒருவர் அழகுறப் பாடி வைத்துள்ளார். பெரியாழ்வார் திருமொழியில் இரண்டாம் பத்தின் மூன்றாம் திருமொழி முழுவதும் காதுகுத்தலையே பொருளாகக் கொண்டது. கேசவன் முதல் தாமோதரன் ஈறாகப் பன்னிரு திருநாமங்களையும் அமைத்து, யசோதை கண்ணனை அழைக்கும் பாங்கில் ஆழ்வார் அதனை அருளினார். ஆய்ப்பாடிப் பெண்டிர் வந்து கூடிவிட்டனர். வெற்றிலை பாக்கும் ஆயத்தம். கண்ணனோ நோகுமென்று வர மறுக்கின்றான். பெரிய அப்பம் தருவதாகச் சொல்லி அன்னை ஆசை காட்டுகின்றாள். முன்பு அவன் கடிப்பைப் பறித்தெறிந்ததை நினைவூட்டுகின்றாள். வராமற் போனால் காதின் துளை தூர்ந்துவிடும் என்றும் கூறுகின்றாள். நோவு, அணியைப் பிடுங்குதல், துளை தூர்தல் ஆகிய மூன்றும் இன்றைய தாய்க்கும் உள்ள கவலைகளே அல்லவா? பரம்பொருளையே மகவாகப் பெற்றவளுக்கும் அவன் செவி நோகுமே என்ற நினைவு நீங்கவில்லை. குழந்தையின் நோவைப் பொருட்படுத்துதல் பக்திக்குக் குறைவன்று என்பதை இத்திருமொழியே காட்டும்.

பாடலில் கண்ட அன்பினை மருத்துவ நூலில் நெறியாகக் காணலாம். சுசுருத சம்ஹிதையின் சூத்திர ஸ்தானத்துப் 16-ஆம் அத்தியாயம் செவி துளைத்தலை விரித்துரைக்கின்றது. காப்பிற்காகவும் அணிக்காகவும் குழந்தையின் காது குத்தப்பெறும் என்று தொடங்கி, ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில் வளர்பிறை நன்னாளில் அதனைச் செய்க என்று விதிக்கின்றது. குழந்தையைத் தாங்குவோர் மடியில் இருத்தி, விளையாட்டுப் பொருள்களால் மகிழ்வித்து, மருத்துவன் இடக்கையால் காதை இழுத்துப் பிடித்து, கதிரவன் ஒளி ஊடுருவித் தோன்றும் இயல்பான இடத்தில் மெல்ல, நேராகத் துளைக்க வேண்டும். மெல்லிய மடலுக்கு ஊசி. தடித்த மடலுக்கு வேறு கருவி. பின்பு பஞ்சுத் திரியிட்டு எண்ணெய் வார்த்தல் வேண்டும். குருதி மிகுந்தாலோ நோவு மிகுந்தாலோ குத்திய இடம் பிழையென்று அறிக என்றும், பிழையான இடத்தில் குத்தினால் காய்ச்சலும் வீக்கமும் நோவும் வரும் என்றும் அந்நூல் எச்சரிக்கின்றது. கிழிந்த மடலை ஒட்டுவதற்குப் பதினைந்து வகை முறைகளையும் அது கூறுகின்றது. காது கிழிவதும் சீழ்ப்பிடிப்பதும் அக்காலத்தும் நேர்ந்த துன்பங்கள் என்பது இதனால் விளங்கும்.

நன்னாளை மட்டும் அந்நூலிலிருந்து எடுத்துக்கொண்டு, இடமும் கருவியும் பின்காப்பும் பற்றிய விதிகளை விட்டுவிடுதல் முறையாகாது. முகூர்த்தத்தைப் பார்க்கும் கண் ஊசியையும் பார்க்க வேண்டும்.

முதலாவது, வயது. சில குடும்பங்களில் பிறந்த பதினோராம் நாளிலோ பன்னிரண்டாம் நாளிலோ காது குத்தும் வழக்கம் உண்டு. அதனைச் சற்றே தள்ளிவைத்தல் நலம். இந்நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி, ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயைத் தடுக்கும் மருந்து சேர்ந்த ஐந்து நோய்த் தடுப்பூசி 6, 10, 14 ஆகிய வாரங்களில் மூன்று முறை இடப்பெறுகின்றது. மூன்றும் முடிந்தபின் காது குத்துவதே பாதுகாப்பு. பதினான்கு வாரம் கடந்து ஆறாம், ஏழாம் மாதம் என்றால் அது சுசுருதர் விதித்த காலமே ஆகும். மரபும் மருத்துவமும் இங்கே கைகோத்து நிற்கின்றன. முதலாண்டில் தவறியவர்கள் மூன்றாம், ஐந்தாம் ஆண்டுகளில் செய்வதும் வழக்கமே. தாய்க்கும் சேய்க்கும் வரும் டெட்டனஸ் நோயை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் அந்நோயின் வித்து மண்ணிலும் புழுதியிலும் சாணத்திலும் இன்றும் உண்டு. தடுப்பூசி என்னும் வேலி இருக்கும்வரையே பயிருக்குக் காப்பு.

இரண்டாவது, கருவி. பொற்கொல்லரின் கைத்திறன் பெரிது. தலைமுறை தலைமுறையாகக் கற்ற நேர்த்தி அது. குறை கைத்திறனில் இல்லை. ஒரே ஊசியும் ஒரே இடுக்கியும் ஒரே நாளில் பல குழந்தைகளின் குருதியைத் தொடுவதில்தான் குறை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி குருதியே கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் பி, சி என்னும் நச்சுயிரிகளையும் எச்.ஐ.வி. நச்சுயிரியையும் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்லப் போதுமானது. ஹெபடைடிஸ் பி நச்சுயிரி உடலுக்கு வெளியே உலர்ந்த நிலையிலும் 7 நாள்வரை உயிர்த்திருக்க வல்லது. விளக்குச் சுடரில் ஊசியைக் காட்டுதல் கரியைப் படியச் செய்யுமே அன்றி முழுத் தூய்மை தாராது. கொதிநீரும் டெட்டனஸ் வித்தை முற்றும் அழிக்காது, ஸ்பிரிட்டும் அழிக்காது. மருத்துவமனைகளில் 121 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள அழுத்த நீராவியில் கருவிகளைத் தூய்மை செய்வதன் காரணம் இதுவே. உறை பிரிக்காத, ஒருமுறை மட்டும் பயன்படும் ஊசியைத் தாயின் கண்முன் உறை பிரித்துக் குத்துதலே சிறந்தது. முனை தீட்டிய பொற்கம்பியே ஊசியாக அமையுமிடத்தில் அக்கம்பியும் அவ்வாறே தூய்மை பெற்றிருக்க வேண்டும். குத்துபவர் சோப்பிட்டுக் கைகழுவிப் புதுக் கையுறை அணிதல் வேண்டும். சில கடைகளில் ‘கன்’ என்று சொல்லப்படும் விசைக்கருவியால் குத்துகின்றனர். அதன் உடற்பகுதி நெகிழியால் ஆயின் நீராவி வெப்பத்தைத் தாங்காது. பலருக்கும் அதனையே பயன்படுத்துவது ஏற்புடைத்தன்று.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் இரும்புத் தகடு கையைக் கீறினால், அந்தக் கணமே காயத்தைக் கழுவி டெட்டனஸ் ஊசிக்குச் செல்ல வேண்டும் என்பதைத் தொழிலாளர் அனைவரும் அறிவர். அதே தந்தை, தன் குழந்தையின் காதில் வேண்டுமென்றே உண்டாக்கும் காயத்துக்கு அந்த அறிவை மறந்துவிடலாமா?

மூன்றாவது, இடம். மென்மையான கீழ்மடல் தசையும் கொழுப்பும் குருதியோட்டமும் உடையது; விரைவில் ஆறும். மேற்பகுதியோ குருத்தெலும்பு. அதனுள் குருதி நாளங்கள் இல்லை. ஆதலின் அங்கே சீழ்ப்பிடித்தால் மருந்து சென்று சேர்வது அரிது. குருத்தெலும்பு சிதைந்து காதின் வடிவே கெடக்கூடும். சிறு குழந்தைக்குக் கீழ்மடலன்றி வேறெங்கும் குத்தலாகாது. இரு காதிலும் மையினால் புள்ளியிட்டு, ஒத்திருக்கின்றனவா என்று முன்னின்று பார்த்தபின் குத்துவது முறை. தாய்மாமன் ஒரு கையால் குழந்தையின் தலையை அசையாமற் பிடித்தலே அவர் செய்யும் முதற் சீர்.

நான்காவது, அணி. முதல் அணி தூய பொன்னாக இருத்தல் நன்று. விலை மலிந்த கவரிங் அணிகளில் கலந்துள்ள நிக்கல் என்னும் உலோகம் பல குழந்தைகளின் தோலில் அரிப்பையும் நீர்க்கசிவையும் உண்டாக்கும். ஒருமுறை ஒவ்வாமை தோன்றினால் அது வாழ்நாள் முழுதும் தொடரும். தொங்கட்டான் வேண்டா, குழந்தை பற்றியிழுத்தால் மடல் கிழியும். திருகாணி நன்கு பூட்டியிருக்க வேண்டும். கழன்று வாயிற் சென்றால் மூச்சு அடைபடலாம். வீக்கத்துக்கு இடம் தராமல் இறுக்கிப் பூட்டுதலும் தவறு.

ஐந்தாவது, திருக்கோயிலில் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு. முடியிறக்குதலும் நீராட்டும் முதலில் முடியட்டும். தலை துவட்டிய பின்னரே காது குத்தப்பெறுக. குத்திய காதோடு ஆற்றிலும் திருக்குளத்திலும் மூழ்குவித்தல் தகாது. திருநீறு நெற்றிக்கும், சந்தனம் மழித்த தலைக்கும் உரியன. புண்ணில் திருநீறு, மஞ்சள், சந்தனம், எண்ணெய் எதனையும் அப்புதல் வேண்டா. அவற்றிற் படிந்த தூசு புண்ணிற் புகும். வாழ்த்த வருவோர் அன்பினால் காதைத் தொட்டுப் பார்ப்பதையும் தாய் இன்சொல்லால் தடுத்தல் வேண்டும்.

ஆறாவது, பின்காப்பு. துளை ஆறுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் செல்லும். அதுவரை அணியைக் கழற்றலாகாது. கழற்றினால் யசோதை அஞ்சியபடி துளை தூரும். நாள்தோறும் இருமுறை கைகழுவிய பின், காய்ச்சி ஆறிய உப்பு நீரில் நனைத்த தூய துணியால் முன்னும் பின்னும் ஒற்றித் துடைத்து உலரவிட வேண்டும். கம்பியைத் திருகித் திருகிப் பார்ப்பது ஆறும் புண்ணைப் புதுப்பிப்பதாகும். குழந்தையின் தலையணை உறையை அடிக்கடி மாற்றுக. இரண்டொரு நாள் சிறிது சிவப்பும் நோவும் இயல்பே. நாளுக்கு நாள் வீக்கம் மிகுதல், சீழ் வடிதல், காது சூடாதல், காய்ச்சல், அணி மடலுக்குள் புதைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் கைவைத்தியத்தில் காலங்கழிக்காமல் மருத்துவரை அணுக வேண்டும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருத்தணி ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகள் உள்ளன. திருவள்ளூரில் 2022-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்கி வருகின்றது. பிறவியிலேயே இதயக் குறையுள்ள குழந்தை, குருதி எளிதில் உறையாத குழந்தை, தோல் நோயுள்ள குழந்தை, தழும்பு தடித்து வளரும் இயல்புள்ள குடும்பத்துக் குழந்தை ஆகியோர்க்கு முன்னரே மருத்துவரைக் கேட்டறிதல் இன்றியமையாதது. நோவு தணிக்க ஆஸ்பிரின் கொடுத்தலை அறவே விலக்குக.

இனித் திருப்பணிச் செல்வர்கட்கு ஒரு விண்ணப்பம். கோபுரத்துக்குப் பொன்கலசம் ஏற்றிய கைகள், அதன் நிழலில் அமரும் குழந்தைகட்கும் ஒரு சிறு திருப்பணி செய்யலாகாதா? காது குத்துவதற்கென ஒதுக்கிய தூய மேடை ஒன்று. ஓடும் நீரும் சோப்பும். குழந்தைக்கு ஒன்றாகப் புதிய ஊசிகள். பயன்பட்ட ஊசியை இடும் மூடிய கலம். விழா நாளில் ஒரு செவிலியர். தடுப்பூசி அட்டையைப் பார்த்தபின் சீட்டுத் தரும் ஒழுங்கு. இவற்றுக்கு ஆகும் செலவு ஓர் அலங்கார வளைவின் செலவுக்கு மிகாது. பொற்கொல்லர்க்குக் கையுறையும் தூய கருவியும் வழங்கி அவர்தம் தொழிலையும் காக்கலாம். இலவசக் காதணி விழாவில் நூறு குழந்தைகட்குப் பொன் வழங்கும் வள்ளல், நூறு ஊசிகளையும் சேர்த்து வழங்கினாலன்றி அக்கொடை நிறைவுறாது.

குடமுழுக்குக்கு முன்னர்ப் புண்ணியாகவாசனம் செய்து இடத்தைத் தூய்மை செய்வதும், கும்பத்தைத் துலக்கிப் புனித நீர் நிரப்புவதும் மரபு. அழுக்குப் படிந்த கலத்தில் அபிடேக நீரை எவரும் ஏந்தார். குழந்தையின் உடலும் இறைவன் உறையும் ஆலயமே என்பது ஆன்றோர் கொள்கை. அவ்வாலயத்தைத் தொடும் ஊசிக்கும் அத்தூய்மை வேண்டாவா?

திருவள்ளூரில் பள்ளிகொண்டருளும் வீரராகவப் பெருமாளை வைத்திய வீரராகவர் என்று அடியார் போற்றுவர். நோய் தீர வேண்டி ஹிருத்தாபநாசினித் திருக்குளத்தில் வெல்லம் கரைத்து வழிபடுவர். மருத்துவனாகவே விளங்கும் பெருமாளின் மாவட்டத்தில், மருத்துவ நெறி வழுவாமல் காது குத்துதலே அப்பெருமான் உவக்கும் வழிபாடு. மழலைச் செவிகள் நோவின்றிப் பொன் பூண்டு, இறைவன் திருநாமத்தை நெடுங்காலம் கேட்டு இன்புறுவனவாக!