இலக்கணம் யாருக்குச் சொந்தம்?



ஆங்கில இலக்கண விதிகளில் வர்க்க பேதமும் நிற பேதமும் கலந்துள்ளனவா என்பதே இன்றைய விவாதப் பொருள். பால்வெட்டும் நமக்கு இலக்கணம் எதற்கு என்று ஒதுங்கிவிடலாகாது. மனு எழுதிப் போராடுகிறவர்கள் நாம். மொழியைக் காரணம் காட்டி மனுவையே தள்ளிய கதை உண்டு. 1793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர மக்கள் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கோரி விண்ணப்பித்தனர். மொழியில் மரியாதை இல்லை என்று சொல்லி, நாடாளுமன்றம் அதை ஏற்க மறுத்தது!

'ஐ டோண்ட் வாண்ட் நத்திங்' என்றால் பிழை என்கிறார்கள். இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்துவிடுமாம். ஆனால் சாசரும் ஷேக்ஸ்பியரும் அப்படி எழுதியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர்கள்தாம் அதைக் கண்டித்து விதியாக்கினார்கள். இன்று அவ்வாறு பேசுகிறவர்களில் ஆங்கிலேயத் தொழிலாளரும் அமெரிக்கக் கறுப்பின மக்களும் உண்டு. புலவர் எழுதினால் இலக்கியம், ஏழை பேசினால் பிழையா?

கறுப்பின மக்களின் பேச்சுக்கும் ஒழுங்கான விதிகள் உண்டென்று வில்லியம் லபோவ் என்ற அறிஞர் 1969இல் எடுத்துக்காட்டினார். 1979இல் ஆன் ஆர்பர் வழக்கில், வாசிப்புக் கற்பிக்கும்போது கறுப்பினக் குழந்தைகளின் வீட்டுமொழியைக் கவனிக்கத் தவறியது சட்டத்துக்கு முரணானதே என்று அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மந்தபுத்தி என்று பிள்ளைகளை ஒதுக்குவது எளிது. அவர்கள் மொழியை அறிந்து கற்பிப்பதே ஆசிரியர் கடமை.

எதிர்க்கட்சியினர் கேட்பதிலும் நியாயம் உண்டு. பொதுவிதி இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை எல்லாரும் ஒரே பொருளில் படிப்பது எப்படி? நம் பிள்ளைகள் பரீட்சையில் தேறுவது எப்படி?

இதற்கு வில்லியம் காபெட் விடை தருகிறார். உழவர் மகனான அவர், பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தபோது தாமே இலக்கணம் கற்றார். 1818இல் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் ஏர்ப்பிள்ளைகளுக்கும் ஓர் இலக்கண நூல் எழுதினார். அரசர் உரையிலேயே பிழைகளை எடுத்துக் காட்டினார்!

ஆகவே நாம் கூறுவது இது: விதியைக் கற்போம்; கிராணி அறிந்ததைப் பால்வெட்டுத் தொழிலாளியும் அறியட்டும். ஆனால் அந்த விதியைக் கொண்டு மனிதரின் அறிவை அளக்க ஒருபோதும் இடங்கொடோம். மனுவில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளலாம். கோரிக்கையில் நியாயம் இருந்தால் அதற்குப் பதில் வேண்டும்.