சோதி திரிஞ்சா சமாளிக்கலாம், அண்டா சரிஞ்சா?

சமையல்காரங்க சொதப்பின கதைகள் கேட்டிருந்தீங்க. எனக்கு அந்தக் கதைகளோட சோர்ஸ் ஒரே ஆள்தான். சங்கரன்கோவில்ல இருக்கிற என் தாய்மாமா. முப்பது வருஷமா கல்யாணச் சமையல்.

எங்க திருநெல்வேலிப் பக்கம் மறுவீட்டு விருந்துன்னா சோதி. தேங்காயை மூணு தடவை பிழிஞ்சு பால் எடுப்பாங்க. தண்ணிப் பால்ல காய் வேகும், பாசிப்பருப்பு சேரும். கெட்டியான முதல் பால் கடைசியில. லேசா நுரை கட்டினதும் இறக்கிடணும். சூடு தணிஞ்ச பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழியணும். வரிசை மாறினா பால் திரிஞ்சிடும்.

ஒரு கல்யாணத்துல புதுசா வந்த பையன், அடுப்புல கொதிச்சிட்டு இருக்கும்போதே எலுமிச்சைச் சாறை ஊத்திட்டான். முந்நூறு பேருக்கான சோதி, திட்டுத் திட்டா திரிஞ்சு நிக்குது. பந்திக்கு இன்னும் முக்கால் மணி நேரம்.

மாமா கத்தவே இல்ல. புளிச்ச தண்ணியை இறுத்து எடுத்தார். பருப்பை வேகவச்சு மசிச்சுக் கலந்தார். புதுசா முதல் பால் பிழிஞ்சு, அடுப்பை அணைச்சிட்டு ஊத்தினார். லைவ்ல ஓடுற ஆப்புக்கு நாங்க ஹாட்ஃபிக்ஸ் போடுவோமே, அதேதான். பந்தியில ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினாங்களாம்.

நான் அவருக்கு வாத்தேல் கதையைச் சொன்னேன். 1671 ஏப்ரல், பிரான்ஸ்ல சாந்தியி மாளிகை. பதினாலாம் லூயி மன்னருக்கு விருந்து. பொறுப்பு வாத்தேல்கிட்ட. மீன் நேரத்துக்கு வரல. மானம் போச்சுன்னு மனுஷன் உயிரையே விட்டுட்டார். அப்புறம் மீன் வந்து சேர்ந்துச்சு.

மாமா சொன்னார்: "மீன் வரலேன்னா வாழைக்காயை வறுக்க வேண்டியதானல? இதுக்குப் போய் உயிரை விடுவானா?"

சிரிச்சிட்டே அவரோட இடது கையில இருக்கிற தழும்பைப் பத்திக் கேட்டேன். சிரிப்பு நின்னுடுச்சு.

"ரசம் மருமவனே. ஈரத் தரையில கால் வழுக்கிட்டு. சோதி திரிஞ்சா ஊருக்குத் தெரியாது. அண்டா சரிஞ்சா நமக்கு மட்டுந்தான் தெரியும்."

2023 ஏப்ரல்ல மீஞ்சூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துல, பார்ட் டைமா கேட்டரிங் வேலைக்கு வந்த 21 வயசு கல்லூரி மாணவர் கொதிக்கிற ரச அண்டாவுல விழுந்தார். சிகிச்சை பலன் இல்லாம இறந்துட்டார். நம்மள்ல பலர் பாக்கெட் மணிக்குப் போற அதே வேலை.

இப்போ மாமாகிட்ட மூணு கட்டளை. இறக்கி வச்ச அண்டாவுக்கு உடனே மூடி. தரையில தண்ணி சிந்தினா துடைச்ச பிறகுதான் அடுத்த வேலை. அண்டாவை ஒத்தை ஆள் தூக்கக் கூடாது. "பந்தி பத்து நிமிஷம் லேட்டானா யாரும் சாக மாட்டாங்க"ன்னு மண்டபக்காரங்க கிட்டயே சொல்லிடுவார்.

கேக்குற நீங்களும் ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. எண்ணெய்ல தீப்பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க. தண்ணி சட்டுனு ஆவியாகி, எரியுற எண்ணெயை நாலாபக்கமும் அள்ளி வீசிடும். அடுப்பை அணைச்சு மூடி போடுங்க. சுட்டுக்கிட்டா குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. பேஸ்ட், மாவு எதுவும் வேணாம். பெரிய காயம்னா நேரா ஆஸ்பத்திரி.

அடுத்த கல்யாணத்துல "ரசம் எங்கப்பா?"ன்னு அவசரப்படுத்துறதுக்கு முன்னாடி, அதைத் தூக்கிட்டு வர்ற பையனை ஒரு தடவை பாருங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.