அனுமதி கேட்கும் நேரம்

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை பருத்தித்துறை, மணற்காடு, உடுத்துறை முதலிய கரையோர ஊர்களை முன்னெச்சரிக்கை எதுவுமின்றித் தாக்கியது என்பது, கைத்தொலைபேசி எச்சரிக்கைகளைப் பற்றிய எந்தப் பேச்சிலும் முதலில் நினைக்கப்பட வேண்டியதாகும். அந்த அழிவுக்குப் பின்னர், டயலொக் நிறுவனமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் மொரட்டுவைப் பல்கலைக்கழகமும் இணைந்து 2009இல் ஆரம்பித்த எச்சரிக்கை வலையமைப்பு குறுஞ்செய்தியையும் பயன்படுத்தியது. குறுஞ்செய்தியோ எவரிடமும் அனுமதி கேளாமலே வந்து சேர்வது.

கடற்றொழிலாளருக்கான வானிலைச் செயலியின் நிலை வேறு. செயலி மூடியிருக்கும்போதும் திரையில் தோன்றும் செய்தியே அறிவித்தல் எனப்படுகிறது. அதற்கு உரியவரின் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்கும் பெட்டியை ஐபோன் ஒரே ஒரு முறைதான் காட்டும். 2022இல் வெளிவந்த அன்ட்ரொய்ட் 13 முதல் அத்தொலைபேசிகளிலும் சம்மதம் அவசியமாகி, இருமுறை மறுத்தவருக்குப் பெட்டி மீண்டும் தோன்றாது என்றாகிவிட்டது. ஆகையால், நிறுவிய மறுகணமே காரணம் சொல்லாமல் அனுமதி கேட்கும் செயலி, தன் அரிய வாய்ப்பை வீணடித்துவிடுகிறது. கடற்றொழிலாளர் ஒருவர் தமது இறங்குதுறையாக மயிலிட்டியைத் தெரிவுசெய்யும் அந்தத் தறுவாயில், "மயிலிட்டிக் கடலில் காற்று பலக்கும்போது அறிவிக்கலாமா?" என்று தெளிந்த தமிழில் ஒரு வரி காட்டி, அவர் ஆம் என்ற பின்னரே தொலைபேசியின் பெட்டியை வரவழைப்பதுதான் முறை.

அனுமதி கிடைத்த பிறகுதான் பொறுப்பு கூடுகிறது. அன்ட்ரொய்டில் 2017 முதல் அறிவித்தல்களை அலைவரிசைகள் எனப்படும் தனித்தனிப் பிரிவுகளாகப் பிரிக்கலாம். ஒன்றை அணைத்தாலும் மற்றது ஒலிக்கும். புயல் எச்சரிக்கையையும் விலைக்கழிவு விளம்பரத்தையும் ஒரே பிரிவில் அனுப்புவது மன்னிக்கத்தக்கதன்று. ஏனெனில் விளம்பரத் தொல்லை தாங்காமல் அதை அணைப்பவர், தம்மையறியாமலே புயல் எச்சரிக்கையையும் அணைத்துவிடுகிறார்.

செயலியின் சின்னத்தின் மேல் தெரியும் சிவப்பு வட்டத்து எண்ணுக்கும் இதே நேர்மை தேவை. ஐபோன் அந்த எண்ணைத் தானாகக் கணக்கிடுவதில்லை. செயலி கொடுத்த எண்ணையே காட்டுகிறது. வாசித்து முடித்த பின்னும் அதைப் பூச்சியமாக்க மறந்தால், பழைய 3 அங்கேயே நிற்கும். நாளடைவில் எவரும் அதைப் பொருட்படுத்தமாட்டார்.

ஏற்கெனவே மறுத்தவருக்கு வழி அடைபடவில்லை. அனுமதி இல்லை என்பதைச் செயலியே கண்டறிந்து, தொலைபேசி அமைப்புகளில் அறிவித்தல் பக்கத்தை நேரே திறக்கும் பொத்தானை வானிலைப் பக்கத்தின் மேற்பகுதியில் வைக்கலாம்.