பெயருக்குள் ஓர் ஊர்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவாஸ்கர், மங்கேஷ்கர் என்றதும் மராட்டியப் பெயர்கள் என்று சொல்லிவிடுவீர்கள். கெஹிம்கர், பென்கர், ரோஹேகர் என்றால்? கேட்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்தப் பெயர்களில் யூதக் குடும்பங்கள் இருக்கின்றன.

மும்பைக்குத் தெற்கே, கொங்கண் கடற்கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்தவர்கள் 'பெனே இஸ்ரேல்' யூதர்கள். கப்பல் உடைந்து நவ்காவ் கரையில் உயிர் தப்பிய ஏழு ஆண்கள், ஏழு பெண்களின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. செக்காட்டி எண்ணெய் எடுப்பது அவர்கள் தொழில். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், செக்கு ஓடாது. அதனால் ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர்.

அவர்கள் குடியிருந்த ஊரே குடும்பப் பெயராயிற்று. பென் என்ற ஊரார் பென்கர். ரோஹா ஊரார் ரோஹேகர். நாம் 'காங்கேயத்துக்காரர்', 'ஊத்துக்குளிக்காரர்' என்கிறோமே, அதே கணக்குதான். நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இப்படிப் பெயர்களில் ஏறின. திவேகர் என்ற பெயர் இந்துக்களிலும் உண்டு, யூதர்களிலும் உண்டு. பெயர் சொல்வது மதத்தை அல்ல, ஊரை.

பிழைப்புக்காக அவர்கள் பம்பாய் போனபோதும் பெயர் கூடவே போனது. அங்கே 1796-இல் அவர்களின் முதல் ஜெப ஆலயத்தைக் கட்டியவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர். உள்ளூர் வழக்கில் சாமாஜி ஹசாஜி திவேகர். 1948-க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேறினார்கள். மொழி மாறியது, ஆனால் இன்றும் அங்கே 'கர்' என்று முடியும் பெயர்கள் உண்டு. பார்த்தே இராத ஒரு கொங்கண் கிராமத்தைப் பேரப்பிள்ளைகள் பெயரில் சுமக்கிறார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அதிலும் ஊர் இருந்தது. ஈ.வெ.ரா.வின் 'ஈ' ஈரோடு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை. வங்கியில் நான் வேலை பார்த்த காலத்தில் பழைய கணக்குகளில் இரண்டு இனிஷியல் சகஜம்: ஒன்று ஊர், ஒன்று தகப்பனார். இப்போது பாஸ்போர்ட் படிவத்தில் 'சர்நேம்' கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுகிறோம். ஊர் விடுபட்டுப் போகிறது. என் இனிஷியலில் உள்ள ஊருக்கு எந்த பஸ் ஏற வேண்டும் என்று என் பேரனுக்குத் தெரியாது.

ராயபுரத்தில் நம்மில் பலர் பனியன் தொழிலை நம்பி வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான். அந்த ஊர்கள் தெரிந்தவர்கள் என் வயதுக்காரர்களே. நாங்கள் போய்விட்டால் கேட்க ஆள் இருக்காது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த வாரமே ஒரு நோட்டில் தாத்தா, பாட்டி இரு பக்கத்து ஊர்களையும், குலதெய்வக் கோயில் இருக்கும் இடத்தையும் எழுதுங்கள். பிள்ளைகள் கையாலேயே எழுத வையுங்கள். நம் வாட்ச்மேனையும் 'வடக்கத்திக்காரர்' என்று சொல்லி நிறுத்தாமல், எந்த ஊர் என்று கேளுங்கள். அவருக்கும் ஓர் ஊர் இருக்கிறது.