கடல் கடக்கும் சான்றிதழ்



1901ஆம் ஆண்டில் நியூசிலாந்து ஒரு சட்டம் இயற்றியது. முறையாகப் பயிற்சி பெற்றுத் தேர்வில் தேறிய செவிலியர்களின் பெயர்களை அரசே ஒரு பதிவேட்டில் ஏற்றும் என்றது அந்தச் சட்டம். ஒரு நாடு செவிலியர்களுக்கென்றே தனியாகப் போட்ட முதல் பதிவுச் சட்டம் அதுதான். அடுத்த ஜனவரியில் எல்லன் டாஹர்ட்டி என்ற அம்மையாரின் பெயர் அந்தப் பதிவேட்டில் முதலாவதாக ஏறியது. இங்கிலாந்து 1919இல் அதே வழிக்கு வந்தது. சென்னை மாகாணமும் அதிகம் காத்திருக்கவில்லை. 1926இலேயே செவிலியர், தாதியர் சட்டம் இங்கே வந்துவிட்டது. இந்த அரங்கில் இருக்கும் ஒவ்வொரு ஸ்டாஃப் நர்சின் ஆர்.என்., ஆர்.எம். எண்ணுக்கும் வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது.

முன்பின் தெரியாத ஒரு நர்ஸ் ஊசியோடு கட்டிலருகே வரும்போது நோயாளி கையை நீட்டுகிறார் என்றால், அந்தப் பதிவேட்டை நம்பித்தான் நீட்டுகிறார். ஆனால் அதன் செல்வாக்கு நாட்டின் எல்லையோடு முடிந்துவிடுகிறது. மதுரையில் பத்து வருடம் ஐ.சி.யூ. பார்த்தவரும் வேறொரு நாட்டில் இறங்கினால், அந்த நாட்டுப் பதிவேட்டில் பெயர் ஏறும்வரை சட்டப்படி செவிலியர் இல்லை. இதில் அநியாயம் எதுவும் இல்லை. நம் ஊர் ஆஸ்பத்திரியில் வெளிநாட்டு நர்ஸ் ஒருவர் வேலைக்கு வந்தால் நாமும் இதைத்தான் கேட்போம். சரிபார்ப்பது நியாயம். அந்தச் சரிபார்ப்பில் ஒரு மனிதரின் எத்தனை வருடம் வீணாகப் போகிறது, எவ்வளவு பணம் கரைகிறது, அதில் எவ்வளவு தவிர்க்கக்கூடியது என்பதுதான் கேள்வி.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். காரணம் இருக்கிறது. 2022 டிசம்பரில் இந்தியாவும் ஜெர்மனியும் குடிபெயர்வு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன. 2024 அக்டோபரில், திறன்பெற்ற இந்தியர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக ஜெர்மனி அறிவித்தது. அந்த நாட்டுப் புள்ளிவிவரத் துறையே ஒரு கணக்குப் போட்டிருக்கிறது: 2049க்குள் அங்கே செவிலியப் பணியாளர் பற்றாக்குறை 2,80,000 முதல் 6,90,000 வரை போகலாம். 1978இலிருந்து இயங்கிவரும் நம் மாநில அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் செவிலியர்களுக்கு ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்து அனுப்பும் வேலையில் இறங்கியிருக்கிறது. ஆகவே இது நம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்ட விஷயம்.

இவ்வளவு ஆள் தேவைப்படும் நாடு, இறங்கிய மறுநாளே சீருடை கொடுத்து நர்சாக வார்டுக்கு அனுப்பிவிடும் என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. அப்படி நடப்பதில்லை.

2012 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனியில் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும், தன் படிப்பை ஜெர்மன் படிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கேட்க அந்தச் சட்டம் உரிமை கொடுக்கிறது. நல்ல சட்டம். அங்கே அதிகம் அங்கீகாரம் பெறும் வெளிநாட்டுத் தொழிற்படிப்பும் செவிலியம்தான். ஆனால் ஒப்பிடும் பொறுப்பு மாநிலங்களிடம் இருக்கிறது. மாநிலங்கள் பதினாறு. ஒரே கல்லூரியில் ஒரே பெஞ்சில் படித்த இருவர் இரண்டு மாநிலங்களில் விண்ணப்பித்தால், ஒருவருக்கு ஒரு முடிவும் மற்றவருக்கு வேறொரு முடிவும் வரலாம்.

எதை வைத்து ஒப்பிடுகிறார்கள்? மணிக்கணக்கை வைத்து. 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி, ஜெர்மனியில் செவிலியப் பயிற்சி மூன்றாண்டு: வகுப்பறையில் 2,100 மணி நேரம், நோயாளிகளிடம் 2,500 மணி நேரம். பெரும்பாலோர் அதைத் தொழிற்பள்ளியில் படித்து முடிக்கிறார்கள், பல்கலைக்கழகத்தில் அல்ல. நம்மிடம் பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் பட்டப்படிப்பு. வேலூரில் ஐடா ஸ்கடர் செவிலியப் பள்ளி தொடங்கியது 1909இல்; அங்கே பட்டப்படிப்பே 1946இல் வந்துவிட்டது. இவ்வளவு நெடிய மரபிலிருந்து போகிறவரிடம் அந்த அலுவலகம் பட்டத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்வதில்லை. முதியோர் பராமரிப்பில் எத்தனை மணி நேரம், மனநல வார்டில் எத்தனை, குழந்தைகள் வார்டில் எத்தனை, வீடு தேடிப்போய்ப் பார்த்தது எத்தனை என்று வரிவரியாகக் கேட்கிறது. குறைவது எதுவோ, அதை எழுதி ஓர் அறிவிப்பு அனுப்புகிறது. அங்கே போன நம் பிள்ளைகள் அதை 'டெஃபிசிட் பெஷைட்' என்று பயத்தோடு சொல்வார்கள்.

அந்த அறிவிப்பு கைக்கு வந்தபின் இரண்டு வழி. ஒன்று, குறைந்த பகுதிகளை மருத்துவமனையிலேயே பயின்று முடிக்கும் இணைப்புப் பயிற்சி; பல மாதம் பிடிக்கும், சட்டம் மூன்றாண்டு வரை இடம் தருகிறது. மற்றொன்று அறிவுத் தேர்வு. வாய்மொழிப் பகுதி 45 முதல் 60 நிமிடம். செய்முறையில் உண்மையான நோயாளிகளோடு இரண்டு முதல் நான்கு சூழல்கள், ஒவ்வொன்றும் 120 நிமிடத்துக்கு மிகாமல். தவறினால் ஒரே ஒருமுறை மீண்டும் தேர்வுக்கு வரலாம். எல்லாமே ஜெர்மனில்.

அந்த ஜெர்மனும் பி2 நிலையில் இருக்க வேண்டும். கோதே நிறுவனத்தின் கணக்குப்படி தொடக்கத்திலிருந்து பி2 முடிக்க 600 முதல் 800 பாடவேளைகள் ஆகும். நைட் டியூட்டி முடித்துவிட்டு, கண் எரிய எரிய வகுப்புக்குப் போய் உட்கார்ந்து படித்த பிள்ளைகளால்தான் இது முடிகிறது. அங்கே போன பிறகு இன்னொரு சோதனை: எண்பது வயது பாட்டி பேசும் வட்டார வழக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. ஷிப்ட் மாறும்போது கொடுக்கும் ஹேண்டோவரும் பத்து நிமிடத்தில் மழைபோல் கொட்டி முடிந்துவிடும்.

அங்கீகாரம் வரும்வரை வேலை இருக்கும். ஆனால் உதவியாளர் என்ற பெயரில், செவிலியரைவிடச் சில நூறு யூரோ குறைந்த மாதச் சம்பளத்தில். பணத்தைவிட மனசை அதிகம் அறுப்பது வேறொன்று. நம் ஊர் வார்டை நினைத்துப் பாருங்கள். நோயாளியைத் துடைத்துவிடுவது, சாப்பாடு ஊட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் கூடவே தங்கியிருக்கும் மகளோ மருமகளோ செய்வது. சிஸ்டருக்கு ஐ.வி., ஊசி, மருந்து, சார்ட், டாக்டர் ரவுண்ட்ஸ். ஜெர்மனியில் நோயாளியோடு உறவினர் தங்கும் வழக்கம் இல்லை. காலையில் முகம் கழுவிவிடுவது முதல் இரவில் புரட்டிப் படுக்க வைப்பது வரை நர்சின் வேலை. பல மருத்துவமனைகளில் கேனுலா போடுவது டாக்டரின் வேலை. இருட்டில்கூட நரம்பைத் தடவிக் கண்டுபிடித்து ஒரே குத்தில் கேனுலா போட்ட கை அங்கே சும்மா இருக்க வேண்டியிருக்கிறது. "அம்மா, இங்கே என்னை ஊசியைத் தொட விடமாட்டேங்கிறாங்க" என்று போனில் சொல்லும்போது குரல் உடைந்துபோகிறது.

இதில் இரண்டு பக்கமும் புரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. படுத்த படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டும்போதுதான் முதுகில் புண் தொடங்குவது தெரியும், மூச்சு வாங்குவது தெரியும், மனசு தளர்ந்திருப்பது தெரியும். அதை அங்கே செவிலியத்தின் இதயமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். அது இழிவான வேலை இல்லை. நம் கல்லூரிகளிலும் அதை முதலாண்டில் சொல்லிக்கொடுக்கிறோம். வார்டுக்கு வந்தபின் உறவினர்களிடம் விட்டுவிடுகிறோம். புறப்படும் முன்பே பிள்ளைகளுக்கு இதை எடுத்துச் சொல்லியிருந்தால் அந்தப் போன் அழைப்பில் பாதிக் கண்ணீர் குறைந்திருக்கும். அதேபோல், ஐ.சி.யூ. அனுபவம் உள்ள ஒருவரை ஒரு வருடத்துக்கு மேலாக உதவியாளராக வைத்திருப்பது அந்த நாட்டுக்கும் நஷ்டம்தான். அவர்களும் இதை உணரத் தொடங்கியிருக்கிறார்கள். 2024 முதல், வரிவரியான அந்த ஒப்பீடே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேராகத் தேர்வுக்கோ பயிற்சிக்கோ போகும் வழியைச் சட்டத்தில் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்து அந்த வழிக்கு முன்பே போய்விட்டது. 2014 அக்டோபரிலிருந்து, ஐரோப்பாவுக்கு வெளியே படித்துவிட்டு வருகிறவருக்குக் கணினியில் ஒரு தேர்வு, பிறகு 'ஆஸ்கி' என்ற செய்முறைத் தேர்வு. இன்றைய வடிவில் அதில் பத்து நிலையங்கள். கை கழுவுவதிலிருந்து, நோயாளியிடம் பெயரும் பிறந்த தேதியும் கேட்டுச் சரிபார்ப்பது வரை ஒவ்வொன்றையும் பரிசோதகர் உற்றுப் பார்க்கிறார். எத்தனை மணி நேரம் படித்தாய் என்பதைவிட, என்ன செய்யத் தெரியும் என்று பார்ப்பது நியாயமான முறை. அங்கேயும் ஆங்கிலத் தேர்வில் வெறும் அரை மதிப்பெண்ணில் தவறி, வருடக்கணக்காகப் பராமரிப்பு உதவியாளர்களாகவே நின்றுபோன இந்தியச் செவிலியர்கள் ஏராளம். அவர்களுக்காக அங்குள்ள இந்தியச் செவிலியர்களே கூட்டுச் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 2023 பிப்ரவரியில் விதி தளர்ந்தது: அரை மதிப்பெண்ணில் தவறியவருக்கு, அவர் வேலை செய்யும் இடத்திலிருந்து மொழித்திறனுக்குச் சான்று வந்தால் அதையும் கணக்கில் எடுக்கலாம் என்று ஆனது. சேர்ந்து கேட்டதால் கிடைத்தது அது.

இனி நம் பக்கத்தைப் பார்ப்போம். இந்த மேடை இன்று முக்கியமாகப் பேச விரும்புவது இதைத்தான்.

ஜெர்மனியில் விரைவு நடைமுறை ஒன்று உண்டு. ஆவணங்கள் முழுமையாக வந்துசேர்ந்தால் இரண்டு மாதத்தில் அங்கீகார அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும். 'முழுமையாக' என்ற இடத்தில்தான் வண்டி நின்றுவிடுகிறது. ஒரு தாள் குறைந்தாலும் அந்த இரண்டு மாதக் கணக்கு தொடங்காது. குறையும் தாள் எங்கிருந்து வர வேண்டும்? நம் கல்லூரியிலிருந்து. நம் பல்கலைக்கழகத்திலிருந்து. நம் ஆஸ்பத்திரி அலுவலகத்திலிருந்து.

மதிப்பெண் பட்டியலில் மதிப்பெண் இருக்கிறது, மணி நேரம் இல்லை. வார்டு வாரியாக மணி நேரம் போட்ட டிரான்ஸ்கிரிப்ட் வேண்டுமென்றால் விண்ணப்பம், கட்டணம், காத்திருப்பு. ஜெர்மனியில் நைட் ஷிப்டில் இருக்கும் மகளுக்காக, அப்பா இங்கே பஸ் ஏறிக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அலைகிறார். கிளார்க் லீவு, கையெழுத்துப் போடுகிறவர் மீட்டிங்கில், அடுத்த வாரம் வாங்க. பாடத்திட்டமும் 2021இல் செமஸ்டர் முறைக்கு மாறிவிட்டது; அதற்கு முன் படித்தவருக்குப் பழைய பாடத்திட்ட நகல் வேண்டும், அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேட வேண்டும். மூடிப்போன கல்லூரியில் படித்தவர்கள் நிலைமை இன்னும் மோசம்.

அனுபவச் சான்றிதழைப் பாருங்கள். "இவர் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை எங்களிடம் ஸ்டாஃப் நர்சாகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்." இரண்டே வரி. ஜெர்மன் சட்டத்தில், படிப்பில் உள்ள குறையை வேலை அனுபவத்தால் ஈடுகட்ட இடம் இருக்கிறது. எந்த வார்டு, எத்தனை படுக்கை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தால், இணைப்புப் பயிற்சியில் சில மாதங்கள் குறைந்திருக்கும். அந்த ஒரு பக்கத்தை எழுத ஒரு நர்சிங் சூப்பிரண்டுக்கு அரை மணி நேரம் போதும். சில இடங்களில் பணி ஒப்பந்தப் பாண்டைக் காட்டி அசல் சான்றிதழையே பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்ற புகாரும் இன்னும் ஓயவில்லை. உழைத்துச் சம்பாதித்த சான்றிதழை இன்னொருவர் பூட்டி வைப்பதை இந்த அவை ஒருநாளும் ஏற்கக்கூடாது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் அனுப்பும் பதிவுபெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். அதற்குமேல் லட்சக்கணக்கில் கேட்டால் நகையை அடகு வைக்காதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். நியாயமாக ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு ஜெர்மனி தனி முத்திரை ஒன்றை வழங்குகிறது. அதைப் பெற வேண்டுமென்றால் செலவை வேலை கொடுப்பவரே ஏற்க வேண்டும். முகவரிடம் அந்த முத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் "இடையில் விலகினால் இவ்வளவு யூரோ திருப்பித் தர வேண்டும்" என்ற வரி இருந்தால், புரியும் மொழியில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புரியாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

இங்கே செவிலியர் கல்லூரி முதல்வர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். உங்கள் முன் வைக்கப்படும் கோரிக்கை மூன்று வரியில் அடங்கிவிடும். படிப்பு முடியும் நாளில் பட்டச் சான்றிதழோடு மணி நேரமும் வார்டும் குறித்த டிரான்ஸ்கிரிப்டையும், கையெழுத்திட்ட பாடத்திட்ட நகலையும் ஒவ்வொரு மாணவருக்கும் கேட்காமலே கொடுங்கள். ஊரைவிட்டுப் போகாதவருக்கும் கொடுங்கள், மேற்படிப்புக்கு உதவும். மருத்துவமனைகள் விரிவான அனுபவச் சான்றிதழுக்கு ஒரு பொது மாதிரியை ஏற்றுக்கொள்ளட்டும். அந்த மாதிரியைத் தயாரிக்கும் குழுவுக்கு, ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பதிவு பெற்றுத் திரும்பி வந்திருக்கும் செவிலியர் சிலரும் இசைந்திருக்கிறார்கள். இந்தக் கோரிக்கைகளைக் கொண்ட தீர்மானத்தின் நகல் உங்கள் கைகளில் இருக்கிறது. ஒப்புதல் உள்ளவர்கள் கையெழுத்திட்டு, புறப்படும் முன் வாசல் மேசையில் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம்.