பழங்கற்படி காத்த பாட்டியார்



அரியலூர் மாவட்டத்தில், கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டித் திருமழபாடி உள்ளது. அதன் அருகே கண்டராதித்தம் என்றோர் ஊர் உண்டு. சோழ மன்னர் ஒருவர் பெயர் ஊருக்கு நிலைத்தது. அவர் தேவியின் பெயர் அவ்வூர் ஏரிக்கு நிலைத்தது. செம்பியன்மாதேவிப் பேரேரி என்றே அதனை இன்றும் வழங்குகின்றனர். இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பகுதிகள் அக்காலத்து மழநாட்டைச் சேர்ந்தவை. அம்மையாரைக் கல்வெட்டுகள் மழவரையர் மகளார் எனக் குறிப்பதால், அவர் இம்மண்ணின் மகள் என்று கொள்வதில் தவறில்லை.

கணவர் கண்டராதித்தர் திருவிசைப்பாப் பாடிய அரசர். அவர் மறைந்தபோது மகன் சிறுவன். அரியணை கண்டராதித்தரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின் அவர் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். அதன்பின் அம்மையாரின் மகன் உத்தம சோழர் அரசரானார். 985இல் இராசராசர் முடிசூடினார். இத்தனை மாற்றங்களிடையேயும் ஒருவர் அறப்பணி மட்டும் தடைபடவில்லை. பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பே தொடங்கும் அம்மையாரின் கொடைகள் 1001 வரை கல்வெட்டுகளில் தொடர்ந்து காணப்படுகின்றன. அரண்மனைப் பூசலில் ஒரு தரப்பாக நின்றவரை அடுத்து வந்த ஒவ்வோர் அரசும் இவ்வாறு போற்றியிருக்குமா? எண்ணிப் பார்க்கத்தக்கது.

உறவு முறையில் இராசராசருக்கும் குந்தவையாருக்கும் இவர் பெரிய பாட்டியார். சுந்தர சோழர் இறந்தபோது வானவன்மாதேவியாரும் கணவரோடு உயிர்நீத்தார். தாயையும் தந்தையையும் ஒருங்கே இழந்த அவர்களுக்கு ஆதரவாய் நின்றவர்களுள் செம்பியன்மாதேவியாரும் ஒருவர் என வரலாற்றறிஞர் கருதுவர்.

செங்கல்லால் அமைந்து சிதைந்துவந்த கோயில்களை அம்மையார் கற்றளிகளாக்கினார். விருத்தாசலம், திருக்கோடிகாவல், ஆடுதுறை, திருவாரூர் அரநெறி, குற்றாலம் எனும் திருத்துருத்தி எனப் பட்டியல் நீளும். அதை முழுதும் இங்கு அடுக்க வேண்டியதில்லை. அவர் கட்டியதைக் காட்டிலும் கட்டிய முறையே கருதத்தக்கது.

கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்துக் கோயிலை அவர் தம் கணவர் பெயரால் எடுப்பித்தார். கண்டராதித்தர் இறைவனை வழிபடுவதாக ஒரு சிற்பமும் அங்கே உண்டு. அத்துடன் நின்றாரில்லை. பணியை நடத்திய சாத்தன் குணபத்தன் என்பாரின் உருவமும், அவர் இராசகேசரி மூவேந்தவேளான் எனப் பட்டம் பெற்ற செய்தியும் அச்சுவரிலேயே இடம்பெற்றன. உழைத்தவர் பெயரைச் சுவரில் ஏற்ற உடன்படும் புரவலர் எக்காலத்தும் சிலரே.

திருக்கோடிகாவலில் இதனினும் பெரிய செயல் நிகழ்ந்தது. பழைய கோயிலைச் சேர்ந்த கற்களில், முன்னோர் அளித்த கொடைகள் பொறிக்கப்பட்டிருந்தன. கல்வெட்டு என்பது வெறும் புகழ்மொழி அன்று. அது ஒரு பத்திரம். ஒரு நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை ஒருவர் விட்டால், அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டவர். எழுத்து அழிந்தால் கடமையும் மறக்கும்; விளக்கும் அணையும். ஆகவே அம்மையார் காலத்தில் அப்பழைய எழுத்துகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கப்பட்டன. இவை பழங்கற்படி என்ற குறிப்பும் உடன் சேர்ந்தது. பிறர் அறத்தைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளாத நேர்மை அது.

பாட்டியார் காட்டிய வழியைப் பேரன் மறந்தாரில்லை. 1013ஆம் ஆண்டளவில் திருமழபாடி விமானத்தைப் பிரித்துப் புதிதாக எடுக்க இராசராசர் ஆணையிட்டார். பிரிக்குமுன் கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்க வேண்டும் என்பது அவ்வாணையின் பகுதி. அவை 1026 அளவில், அவர் மகன் இராசேந்திரர் காலத்தில், மீண்டும் சுவரேறின. அரசர் மறைந்தும் பதிவேடு மறையவில்லை. கண்டராதித்தத்துக்கு அருகிலேயே இது நடந்தது என்பது நம் பகுதியினர் நினைவில் கொள்ளத்தக்கது.

பேத்தி குந்தவையார் கொடையின் எல்லையை விரித்தார். தஞ்சையில் சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலைக்கு நிலம் அளித்து நோயாளர்க்கு உதவினார். திண்டிவனத்தை அடுத்த இராசராசபுரத்தில், அதாவது இன்றைய தாதாபுரத்தில், சிவபெருமானுக்கு இரவிகுலமாணிக்க ஈச்சரமும், திருமாலுக்குக் குந்தவை விண்ணகரமும், அருகனுக்குக் குந்தவை சினாலயமும் அமைத்தார். மூன்றுக்கும் அளித்த பொன், வெள்ளிக் கலங்களை ஒரே கல்வெட்டு உரைக்கிறது. போளூரை அடுத்த திருமலையிலும் அவர் பெயரால் ஒரு சினாலயம் உண்டு. நம் குடும்பங்களுக்கு அதனை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

தாதாபுரத்துச் சினாலயமோ இன்று இல்லை. அது அங்கே இருந்தது என்பதற்குக் கல்வெட்டே சான்று. அந்த வரிகள் சுரண்டப்பட்டிருந்தால், அல்லது சுண்ணாம்புக்குள் மறைந்திருந்தால், அவ்வூரில் சமணர் இருந்ததற்கு இத்தகைய சான்று கிடைத்திராது. நம் ஊர்களில் திருப்பணி தொடங்கும்போது மணல்வீச்சு இயந்திரமும் சிமெண்டும் வண்ணக் கலவையும் முதலில் வந்துவிடுகின்றன. எழுத்தைப் படிப்பவர் இறுதியில் வருகிறார், சில இடங்களில் வருவதே இல்லை. புதிய கல்லில் நன்கொடையாளர் பட்டியலைப் பொன்னெழுத்தில் பொறிப்பதற்கு முன், பழைய கல்லில் உள்ளதைத் தொல்லியல் அறிந்தோரைக் கொண்டு மைப்படி எடுத்து, ஒளிப்படமும் சேர்த்து அறக்கட்டளை ஆவணத்தில் வைப்பது பெரும் பொருள் வேண்டும் காரியம் அன்று.

அம்மையார் பிறந்தது சித்திரைத் திங்கள் கேட்டை நாள். நாகப்பட்டினம் மாவட்டத்தில் அவர் பெயரால் அமைந்த ஊரில் அந்நாளைச் சிறப்பிக்க உத்தம சோழரின் தேவியர் கொடை அளித்தனர். மாமியாரின் பிறந்தநாளுக்கு மருமகள்மார் அறம் செய்த செய்தி அரச குடும்பங்களில் எளிதில் காணக்கூடியதன்று! அவர் காலத்துக்குப் பின், 1019ஆம் ஆண்டளவில், இராசேந்திரர் ஆட்சியில் அவ்வூர்க் கோயிலில் அவருடைய திருவுருவம் நிறுவப்பட்டது. அதன் வழிபாட்டுக்கு வேண்டியவையும் ஒதுக்கப்பட்டன. அந்தச் செய்தியும் கல்லில்தான் உள்ளது.